மூன்று கேமரா, ஒரு மாமனார்

மாமனாரின் சட்டை மூன்று நிறத்தில் இருந்தது.

பார்த்தசாரதியின் பெரிய கேமராவில் நீலம். லோகேஷின் செல்போனில் பச்சை. சரவணக்குமார் கொண்டுவந்திருந்த கேமராவில் ஈரச் சிமெண்டு. மூன்றும் ஒரே கூடத்தில், ஒரே நாற்காலியில், ஒரே நேரத்தில் உட்கார்ந்திருந்த ஒரே வீரராகவனைத்தான் காட்டிக்கொண்டிருந்தன.

"சட்டை நெசமா இன்னா கலரு?" என்று கேட்டார் பார்த்தசாரதி.

"மயில்கழுத்து அண்ணே," என்றான் சரவணக்குமார்.

"அப்ப நீலம்தான். என்னுதுல கரெக்டா கீது."

மயில் கழுத்தில் பச்சைதான் தூக்கலாக இருக்கும் என்று லோகேஷ் தன் செல்போனைப் பார்த்தபடியே பொதுவாகச் சொன்னான். பார்த்தசாரதியிடம் சொல்லவில்லை. அவரும் அவனும் நேராகப் பேசிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. வானகரத்தில், பைபாஸ் லாரிச் சத்தம் எட்டும் தூரத்தில் இருந்த மாமனார் வீட்டில், மூன்று மாப்பிள்ளைகளும் மூன்று ஸ்டாண்டுகளுக்குப் பின்னால் நின்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வீரராகவனுக்கு எழுபதாம் கல்யாணம். பூந்தமல்லியில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. அங்கே பெரிய திரையில் போடுவதற்கு அவரை ஒரு பேட்டி எடுக்கலாம், தன் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லட்டும் என்று யோசனை சொன்னவன் இரண்டாவது மாப்பிள்ளை சரவணக்குமார். திருமழிசை தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை அவனுக்கு. எதையும் அளந்து, எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகுதான் நம்புவான்.

ஒரு பேட்டிக்கு ஒரு கேமரா போதும் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு கேமரா என்றால் அது யாருடையது என்ற கேள்வி வரும். மூத்த மாப்பிள்ளை பார்த்தசாரதி பூந்தமல்லியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருப்பவர். சிங்கப்பூர் போய்வந்தபோது வாங்கிய கேமராவை இரண்டு வருடமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தார். கடைசி மாப்பிள்ளை லோகேஷ் அம்பத்தூரில் ஐ.டி. கம்பெனியில் இருப்பவன், போன மாதம் வாங்கிய செல்போனில் சினிமாவே எடுக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவர் கேமராவைத் தேர்ந்தெடுத்தால் மற்றவர் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமல் போய்விடுவார். பதினோரு மாதத்துக்கு முன் லோகேஷின் குழந்தைக்குக் காது குத்தியபோது, குடும்பப் படத்தில் நடுவில் யார் நிற்பது என்று ஆரம்பித்த விவகாரம் அது. அன்றிலிருந்து இருவரும் எது சொல்வதானாலும் சரவணக்குமாரிடம்தான் சொல்வார்கள். அவன் அரைவட்டம் திரும்பி அடுத்தவரிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே இரண்டு கேமராவும் வரட்டும் என்றான். அவங்க ரெண்டு பேரும் கேமராவோட வரப்போ நீங்க மட்டும் வெறுங்கையை வீசிக்கினு வருவீங்களா என்று மனைவி சுதா கேட்டாள். அதனால் மூன்றாவது கேமரா வந்தது. அது கம்பெனியுடையது. விரிசல் விட்ட பாகங்களைப் படமெடுத்து மேலிடத்துக்கு அனுப்புவதற்காக வைத்திருந்தது.

ஒரு வாரம் உட்கார்ந்து சரவணக்குமார் அட்டவணை போட்டான். முதலில் ஏ கேமரா பார்த்தசாரதி, பி கேமரா லோகேஷ், சி கேமரா தான் என்று எழுதினான். பி என்றால் என்ன அர்த்தம் என்று லோகேஷ் வாட்ஸாப்பில் கேட்டான். மாற்றிப் போட்டான். பி என்றால் என்ன அர்த்தம் என்று பார்த்தசாரதி போனில் கேட்டார். கடைசியில் வாசல் கேமரா, ஜன்னல் கேமரா, சுவர் கேமரா என்று வைத்தான். அதில் யாருக்கும் தாழ்வில்லை.

"அப்பா கல்யாணத்துக்கு முன்னாடி இந்த ஊட்ல ஒரு சண்டை வந்துச்சுன்னா, அதுக்கு நீங்கதான் பொறுப்பு," என்று சுதா கிளம்பும்போதே சொல்லிவிட்டிருந்தாள்.

சட்டை நிறம் ஒரு பக்கம் இருக்கட்டும். மாமனாரே மூன்று ஆளாக இருந்தார். பார்த்தசாரதியின் கேமராவில் மூக்கு மட்டும் துல்லியமாக இருந்தது, காது இரண்டும் புகையாகப் போயிருந்தன. அதுதான் விலை உயர்ந்த லென்ஸின் அடையாளம் என்றார் அவர். லோகேஷின் செல்போன் தானாகவே முகத்தை மெழுகி, வீரராகவனுக்கு நாற்பது வயதுதான் என்று முடிவு செய்திருந்தது. கம்பெனி கேமரா தன் தொழிலைச் செய்தது. ஒவ்வொரு சுருக்கத்தையும் விரிசலாகக் காட்டியது. அந்தப் படத்தைத் திருமழிசைக்கு அனுப்பினால் மாமனாரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

நிறத்தை யார் சொல்வது சரி என்று முடிவாகாததால், சட்டையைப் போட்டிருப்பவரையே கேட்டுவிடலாம் என்று பார்த்தசாரதி சொன்னார். மூன்று கேமராவையும் ஒவ்வொன்றாக வீரராகவன் முன்னால் கொண்டுபோய்க் காட்டினார்கள். அவர் ஒவ்வொன்றின் திரையையும் அவசரப்படாமல், முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

"மூணும் ஒண்ணாத்தான் கீது மாப்ளே," என்றார். "இதுல இன்னா ஒசத்தி, தாழ்த்தி?"

எழுபது வயதுப் பக்குவம் என்றால் இதுதான் என்று சரவணக்குமார் நினைத்துக்கொண்டான். பார்த்தசாரதிகூடத் தலை குனிந்தார். யார் மனசும் நோகக் கூடாது என்பதற்காக நீலத்தையும் பச்சையையும் சிமெண்டையும் ஒன்று என்று சொல்ல ஒரு மனிதருக்கு எவ்வளவு பெரிய மனசு வேண்டும்.

ஆனால் மண்டபத்துத் திரைக்கு அந்தப் பெரிய மனசு இருக்காது. ஒரு வாக்கியத்துக்கு நீலச் சட்டை, அடுத்த வாக்கியத்துக்குப் பச்சைச் சட்டை என்று மாறினால் ஊர் சிரிக்கும். எனவே வெள்ளைச் சட்டை போட்டுவிடலாம் என்றான் சரவணக்குமார். வெள்ளையில் என்ன வித்தியாசம் வந்துவிடும்?

இரண்டு விஷயம் வந்தது. மயில்கழுத்துச் சட்டை, மூத்தவள் சித்ரா எடுத்துக் கொடுத்தது. அது கழற்றப்பட்ட செய்தி போன அடுத்த நொடி அடுக்களையில் ஒரு குண்டான் பலமாக வைக்கப்பட்ட சத்தம் கேட்டது. இரண்டாவது, வெள்ளைச் சட்டை பார்த்தசாரதியின் கேமராவில் சொட்டு நீலம் அதிகமாகிப்போன சலவை மாதிரியும், லோகேஷின் செல்போனில் மஞ்சள் தண்ணீரில் நனைத்தது மாதிரியும், கம்பெனி கேமராவில் ரோஸ்மில்க் கொட்டியது மாதிரியும் இருந்தது.

இதற்கும் சரவணக்குமாரிடம் வழி இருந்தது. ஒரு வெள்ளைத் தாளைக் காட்டி, இதுதான் வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், மற்ற நிறத்தையெல்லாம் அது தானே சரிசெய்துகொள்ளும் என்று படித்திருந்தான். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மாமனார் முகத்துக்கு நேரே பிடித்தான். மற்ற இருவரும் பக்கத்தில் வந்து குனிந்தார்கள்.

வீரராகவன் கையை நீட்டித் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போடணும் மாப்ளே?"

"எது மாமா?"

"கையெழ்த்து. பேனா குடு."

மாமியார் கன்னியம்மாள் வடைத் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்தது அந்த நேரத்தில்தான். மூன்று மாப்பிள்ளைகளும் அவர் புருஷனைச் சுற்றிக் குனிந்து நின்றார்கள். புருஷன் கையில் ஒரு தாள். அதில் ஒரு எழுத்தும் இல்லை. அவர் பேனா கேட்டுக்கொண்டிருந்தார்.

கன்னியம்மாள் வடைத் தட்டை யாருக்கும் நீட்டாமல் டி.வி. மேசைமேல் வைத்தார்.

"இன்னா பேப்பர் அது?"

வீரராகவனிடம் பைபாஸ் ஓரத்தில் இன்னும் ஆறு சென்ட் நிலம் மிச்சமிருந்தது. அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. யாரும் மறந்ததும் இல்லை. வெள்ளை என்றால் என்ன என்று கேமராவுக்குக் காட்டுவதற்காக, என்று சரவணக்குமார் விளக்கினான். கேமராவுக்கு வெள்ளை தெரியாதா என்று கேட்டார் கன்னியம்மாள். பார்த்தசாரதி, தாளைக் கொண்டுவந்தது தானில்லை என்பதை முதலில் தெளிவுபடுத்தினார். லோகேஷும் அதையே தெளிவுபடுத்தினான். அடுக்களையிலிருந்து மூன்று மகள்களும் வந்துவிட்டார்கள். வெறுந்தாளை எதற்குக் கையோடு கொண்டுவர வேண்டும் என்று சித்ரா சுவரைப் பார்த்துக் கேட்டாள். என் புருஷனைப் பாத்தா எப்படித் தெரியுது என்று சுதா அதே சுவரைப் பார்த்துக் கேட்டாள்.

தரக் கட்டுப்பாட்டுக்காரனுக்கு இதற்கு ஒரே பதில்தான் தெரியும். சரவணக்குமார் அந்தத் தாளிலேயே, 'இத்தாள் கேமராவுக்கு வெள்ளை நிறம் காட்டுவதற்கு மட்டுமே' என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, மற்ற இருவரையும் கையெழுத்துப் போட வைத்தான். கன்னியம்மாள் அதை நான்காக மடித்து சாமி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். பிரச்சினை தீர்ந்தது. வெள்ளைத் தாள்தான் இல்லை. வீட்டில் இன்னொரு வெள்ளைத் தாளை எடுக்கும் தைரியம் அன்றைக்கு யாருக்கும் வரவில்லை. கடைசியில் மாமனாரின் வேட்டியையே காட்டி ஒருமாதிரி சமாளித்தார்கள். அதற்குள் மணி பத்தரை.

அடுத்தது கைதட்டல். மூன்று கேமராவையும் ஒரே நொடியில் ஓடவிட முடியாது என்பதால், ஓடவிட்ட பிறகு ஒருவர் பலமாகக் கைதட்ட வேண்டும். பிறகு அந்தச் சத்தத்தை வைத்து மூன்று படத்தையும் ஒன்றாகப் பொருத்திக்கொள்ளலாம். பார்த்தசாரதி தட்டினார். தட்டும்போது தன் கேமரா ஓடவில்லை என்றான் லோகேஷ், சரவணக்குமாரிடம். மறுபடி தட்டினார். இந்தத் தடவை பார்த்தசாரதியின் கேமராவே ஓடவில்லை.

ஒவ்வொரு கைதட்டலுக்கும் வீரராகவன் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு கையையும் கூப்பி, "எல்லார்க்கும் வணக்கம். பெரியவங்க வந்துகீறீங்கோ, ரொம்ப சந்தோசம்," என்று ஆரம்பித்தார். மாமா, இன்னும் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. ஐந்து தடவை தட்டினார்கள். ஐந்து தடவையும் அவர் அதே மரியாதையோடு வணக்கம் சொன்னார். கூட்டத்தில் பேசிப் பழகின ஆள் என்று லோகேஷ் வியந்தான்.

ஆறாவது தட்டலில் மூன்றும் ஓடின. சுதா கேள்விகளை வாசிக்க ஆரம்பித்தாள். வீரராகவன் பேசினார். ஏரித் தண்ணீரில் கீரை போட்டது, விடியலில் சைக்கிளில் கட்டிக்கொண்டு பூந்தமல்லிச் சந்தைக்கு மிதித்தது, பைபாஸுக்கு அளக்க வந்த என்ஜினீயருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தது, அவர் இளநீரைக் குடித்து முடித்து வாயைத் துடைத்துக்கொண்டு நட்ட கல் சரியாக வீரராகவனின் வரப்பின்மேலேயே வந்து உட்கார்ந்தது. நன்றாகத்தான் பேசினார். ஆனால் மாப்பிள்ளைகள் யாரும் அதைக் கேட்கவில்லை. அவர் எந்தக் கேமராவைப் பார்க்கிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் வாசல் கேமராவைப் பார்த்தார். பார்த்தசாரதியின் முகம் மலர்ந்தது.

ஐந்து நிமிடம் கழித்து லோகேஷ், சரவணக்குமார் காதருகே வந்து, மாமா ஒரே பக்கமாகப் பார்க்கிறார், படம் ஒருதலையாகிவிடும் என்றான். சுதா வாசல் கேமரா பக்கம் உட்கார்ந்திருப்பதால்தான் என்று சொல்லி, அவள் நாற்காலியை ஜன்னல் பக்கம் மாற்றினார்கள். மாமனார் ஜன்னல் பக்கம் திரும்பினார். இப்போது பார்த்தசாரதி, சரவணக்குமாரின் இன்னொரு காதருகே வந்தார். சரவணக்குமார் டேப் எடுத்து அளந்து, மூன்று கேமராவுக்கும் சம தூரத்தில் தரையில் குறி போட்டு, அதன்மேல் சுதாவை உட்கார வைத்தான். யார் பக்கம் எத்தனை நிமிடம் பார்க்கிறார் என்று நோட்டில் குறிக்கவும் ஆரம்பித்தான்.

அப்போது பார்த்தசாரதிக்கு உண்மையாகவே தொண்டை கரகரத்தது. இருமினார். மாமனார் பேசிக்கொண்டே அவர் பக்கம் திரும்பி, ஒரு நிமிடத்துக்கு மேல் அங்கேயே பார்த்துப் பேசினார்.

லோகேஷ் அதைக் கவனித்தான். சிறிது நேரம் பொறுத்து அவனும் இருமினான். மாமனார் அவன் பக்கம் திரும்பினார்.

அதற்குப் பிறகு கூடம் சளி பிடித்த பள்ளிக்கூடம் மாதிரி ஆயிற்று. பார்த்தசாரதி கனைப்பார், கன்னியம்மாளைப் பெண் பார்க்கப் போன கதை வாசல் பக்கம் போகும். லோகேஷ் செருமுவான், கல்யாணத்தன்றைக்குப் பெய்த மழை ஜன்னல் பக்கம் வரும். கதை இப்படியும் அப்படியும் அலைந்தது. நடுவில் தரைக் குறியின்மேல் உட்கார்ந்திருந்த சுதாவின் பார்வை தன் புருஷன்மேல் நிலைகுத்தி நின்றது. கன்னியம்மாள் உள்ளேயிருந்து மூன்று டம்ளரில் சுக்குக் கஷாயம் போட்டுக் கொண்டுவந்து, குடித்தால்தான் ஆச்சு என்று எதிரிலேயே நின்றார். இருமாத சரவணக்குமாரும் குடித்தான்.

கஷாயம் இறங்கியதும் இனி யாரும் இருமக் கூடாது என்று சரவணக்குமார் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டான். இருமலை அடக்குவதில் முனைப்பாக இருந்ததால் கேமராக்களை யாரும் பார்க்கவில்லை. அரை மணிக்கு மேல் ஓடாத பார்த்தசாரதியின் கேமரா எப்போதோ தானாக நின்றுபோயிருந்தது. லோகேஷின் செல்போன், இடம் நிறைந்துவிட்டது, எதையாவது அழி என்று எழுதிக் காட்டிவிட்டு இருட்டாகியிருந்தது. விரிசல் பார்க்கும் கேமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில் சுதா கடைசிக் கேள்விக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் உங்களுக்குக் கிடைத்த பெரிய பாக்கியம் எதுப்பா என்று கேட்டாள்.

வீரராகவனின் குரல் இறங்கியது.

"மூணும் பொண்ணா பொறந்துட்ச்சேன்னு ஊர்ல பேசாத வாய் இல்ல. எனக்கும் உள்ளுக்குள்ள கொறதான், இல்லன்னு சொல்ல மாட்டேன்." அவர் கையை உயர்த்தி நேரே விரலை நீட்டினார். "புள்ள இல்லாத கொறயத் தீத்தவரு, தோ, இந்த மாப்ளதான். இவுரு இல்லன்னா நான் இல்ல."

விரல் சரவணக்குமாரின் நெஞ்சுக்கு நேராக நின்றது. டேப் வைத்து அளந்தாலும் அரை அங்குலம் விலகியிருக்காது.

யாரும் இருமவில்லை.

பார்த்தசாரதி தன் கேமராவைக் கழற்றி, லென்ஸுக்கு மூடி போட்டு, பையில் வைத்து, பையை மூடினார். ஒவ்வொன்றையும் மெதுவாகச் செய்தார். பிறகு பதினோரு மாதத்தில் முதல் தடவையாக, நேராக லோகேஷைப் பார்த்தார்.

"லோகேஷ், டீ சாப்பிடுவியா?"

"வாங்கண்ணா, போலாம்," என்றான் லோகேஷ்.

இருவரும் ஒரே வண்டியில் போனார்கள். ஒரு மணி நேரம் கழித்து, காதுகுத்து விஷயத்தில் தப்பு யார்மேலும் இல்லை, படம் பிடித்தவன்மேல்தான் என்ற முடிவோடு, பேசிச் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்கள். சரவணக்குமாரைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சாப்பாட்டுப் பந்தியில் அவன் பக்கத்து இலை காலியாக இருந்தது. சாம்பார் வாளி அவனைத் தாண்டிப் போய், ரொம்ப தூரம் சுற்றிக்கொண்டு திரும்பி வந்தது. அடுக்களையில் சித்ராவும் கடைசித் தங்கை தாட்சாயிணியும் ஒரு பக்கமாக நின்று பாத்திரம் கழுவ, சுதா தனியாக இன்னொரு பக்கம் நின்று துடைத்தாள். மூன்று மணிக்கு இரண்டு குடும்பமும் சொல்லிக்கொண்டு கிளம்பின. சொல்லிக்கொண்டது மாமனாரிடமும் மாமியாரிடமும்.

"நல்லா ஒத்துமையாக்கிட்டீங்க," என்று சொல்லிவிட்டு சுதா உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

சரவணக்குமார் கூடத்தில் தனியாக உட்கார்ந்தான். வெள்ளிக்கிழமைக்குள் இருவர் வீட்டுக்கும் போய்ச் சமாதானம் சொல்ல வேண்டும், அந்தக் கடைசிப் பதிலை வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் லேப்டாப்பைத் திறந்தான். வெட்டுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று ஓடவிட்டான்.

மாமனார் நேராக அவனைப் பார்த்தார். "இவுரு இல்லன்னா நான் இல்ல."

இன்னொரு தடவை பார்த்தான். மூன்றாவது தடவை பார்க்கும்போது, மனிதர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லையே என்று தோன்றியது. மாமனாரின் பட்டாவில் 'வீரராகவள்' என்று இருந்ததைத் திருத்த நான்கு மாதம் அலைந்தது யார்? தண்ணீர் மோட்டார் எரிந்துபோனபோது கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றது யார்? பூந்தமல்லியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் வருவதைவிடத் தான் குடியிருக்கும் கொரட்டூரிலிருந்து வருவது ஒன்றும் பக்கமில்லை. இருந்தும் வந்தது யார்? ஏழாவது தடவை பார்க்கும்போது அவன் கண் கலங்கியது. நாற்காலி மாற்றியதும், குறி போட்டதும், இருமியதும் எல்லாம் வீண். பெரியவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். யாரையும் நோகடிக்காமல் கடைசிவரை எல்லாரையும் சமமாகப் பார்த்துவிட்டு, சொல்ல வேண்டிய நேரத்தில், சொல்ல வேண்டிய ஆளைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

பதினோராவது தடவைக்குப் பிறகு, வெட்ட வேண்டாம் என்று முடிவு செய்தான். உண்மையை எதற்கு வெட்ட வேண்டும்? மண்டபத்தில் நானூறு பேர் பார்க்கட்டும். அட்டவணையைத் திறந்து, சுவர் கேமரா என்பதை அழித்துவிட்டு, ஏ கேமரா என்று எழுதினான். எழுதியதை ஒரு தடவை தடிமனாக்கிக்கொண்டான்.

ஐந்தரை மணிக்கு வேம்புலி வந்தார். பக்கத்துத் தெருக்காரர், வீரராகவனோடு சின்ன வயதில் ஏரியில் ஒன்றாக நீச்சலடித்தவர். தினமும் அந்த நேரத்துக்கு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு டீக்கடை வரை நடந்துவிட்டு வருவார். வீரராகவன் உள்ளே முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

சரவணக்குமாருக்கு இதை யாரிடமாவது காட்டியாக வேண்டியிருந்தது. சுதாவிடம் காட்ட முடியாது. வேம்புலியை உட்காரச் சொல்லி, லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி, பேட்டி எடுத்த கதையைச் சுருக்கமாகச் சொன்னான். தான் எதையும் எதிர்பார்த்துச் செய்யவில்லை என்பதையும் சொன்னான். பிறகு ஓடவிட்டான்.

விரல் நீண்டது. குரல் இறங்கியது. வேம்புலி கடைசிவரை பார்த்தார். இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தார். அப்புறம் அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று நினைத்து சரவணக்குமார் தண்ணீர் எடுக்க எழுந்தான். வேம்புலி சிரித்துக்கொண்டிருந்தார்.

"என்ன மாமா சிரிக்கிறீங்க? எப்படிப் பாக்கறார் பாருங்க, நேரா என்னையே."

வேம்புலி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே தண்ணீர்ச் சத்தம் இன்னும் கேட்கிறதா என்று காது கொடுத்தார். சொன்னேன்னு சொல்லாதே என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டார். பிறகு கிட்டே வந்து குரலைத் தணித்துச் சொன்னார்:

"நாலு மாசமா ரெண்டு கண்லயும் பொரை மாப்ளே, மூணு பேரும் மூணு ஆஸ்பத்திரி சொல்லி அட்ச்சிக்குவீங்கன்னு மூச்சு வுடாம கீறாரு, எதிர்ல நிக்கிறது நீயா பீரோவான்னு அவருக்கு எங்க தெரியப்போவுது?"